ஓடும் வம்சமும்: கடல் மிதவையுயிர்களை வகைப்படுத்துவது பற்றி

(அறக்கட்டளைச் சொற்பொழிவு. மேடையில் படங்களைச் சுட்டிக் கூறியவையும், இடையில் எழுந்த வினாக்களுக்கு அளித்த விடைகளும் நீக்கப்பட்டு, அச்சுக்கென ஒழுங்கு செய்யப்பட்டது.)



பரிணாமத்தைப் பற்றிப் பேசப் புகுவோர் வழக்கமாக யானையின் மூதாதையையோ குதிரையின் குளம்பையோ எடுத்துக்கொள்வார்கள். கேட்போர் மனக்கண்ணில் ஓர் உருவம் உடனே எழும் என்ற வசதி அதில் உண்டு. நான் எடுத்துக்கொண்டிருப்பவையோ, ஒரு சிட்டிகை மண்ணில் நூற்றுக்கணக்கில் அடங்கிவிடக்கூடியவையும், சமுத்திரத்தின் மேல்நீரில் மிதந்து வாழ்ந்து இறந்தபின் அடியில் வீழ்ந்து படிபவையுமான ஒற்றைச்செல் ஜீவன்களின் ஓடுகள். இவற்றை வைத்து ஒரு மணி நேரம் உங்களை இருத்திவைப்பது துணிச்சலான காரியமே. ஆயினும், பரிணாமம் நடந்த சுவட்டை இடையறாது படிப்படியாகக் கையில் எடுத்துப் பார்க்கவேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டால், யானையும் குதிரையும் அளிக்க இயலாத பாக்கியத்தை இச்சிற்றுயிர்கள் அளிக்கின்றன என்பதால் இத்துணிவைக் கொண்டேன்.

நான் நிலைநாட்ட விரும்பும் கருத்து ஒன்றே. ஒரு ஜீவனின் முழு ஆகாரமே அதன் வம்சத்துக்குச் சாட்சி என்று நாம் இயல்பாகக் கொள்ளும் நம்பிக்கை, கடலடிச் சேற்றில் கிடக்கும் மிதவையுயிர்களிடத்தில் மீண்டும் மீண்டும் பொய்த்திருக்கிறது. அங்கே உறவை நிர்ணயிக்கும் பிரமாணங்களாக நிற்பவை, ஓட்டின் சுவரிலுள்ள நுட்பமான அமைப்பும், அந்த ஓடு எந்தப் படுகையில் எதற்கு மேலே, எதற்குக் கீழே கிடந்தது என்ற வரிசையுமே ஆகும்.

1

மிதந்து வாழும் நுண்ணுயிர்களில் ஓட்டை விட்டுச்செல்பவை பல வகையின. ஃபொராமினிஃபெரா, காக்கோலித்தோஃபோர் ஆகியவை சுண்ணத்தால் ஓடு கட்டுகின்றன. ரேடியோலேரியாவும் டயாட்டமும் சிலிக்காவால் கட்டுகின்றன. இன்று பெரும்பாலும் ஃபொராமினிஃபெராவையும், ஓரிடத்தில் மட்டும் ரேடியோலேரியாவையும் பற்றிப் பேசுவேன். மிதவை ஃபொராமினிஃபெராவில் இன்று உயிரோடிருக்கும் இனங்கள் ஐம்பது அளவிலேயே இருக்கும். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த உருவம் உடையவை. அறைக்குப்பின் அறையாகச் சுருளாக வளர்பவை.

இவ்வறைகளே ஆராய்ச்சியின் தொடக்கத்தில் ஒரு பெரிய மயக்கத்தை விளைவித்தன. ஃபொராமினிஃபெரா என்ற பெயரை 1826இல் சூட்டிய பிரெஞ்சு அறிஞர் அல்சீத் தோர்பீன்யி, அறையறையாகச் சுருண்ட ஓட்டைக் கண்டு, இவை கணவாயும் நாட்டிலஸும் சேர்ந்த வர்க்கத்தின் மிகச் சிறிய உறுப்பினர் என்றே வகுத்தார். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1835இல், ஃபெலிக்ஸ் துஜார்தென் உயிருள்ளவற்றை நீரில் வைத்துப் பார்த்து, ஓட்டினுள் இருப்பது உறுப்புகளற்ற எளிய ஜீவப்பொருளே என்று காட்டினார். மிகவுயர்ந்த மெல்லுடலிகளும் மிக எளிய ஒற்றைச்செல் உயிர்களும் ஒரே உருவத்தால் ஒரே குடும்பமாக எண்ணப்பட்டன என்றால், உருவத்தை நம்பியதன் விளைவுக்கு வேறு உதாரணம் தேடவேண்டியதில்லை.

இவற்றின் ஓடுகள் அடியில் கிடந்தமையால் இவை அடியில் வாழ்பவையா, மேலே வாழ்ந்து வீழ்ந்தவையா என்ற விவாதமும் நெடுநாள் நடந்தது. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சாலெஞ்சர் கப்பலின் வலைகள் மேல்நீரிலேயே அவற்றை உயிரோடு அள்ளிக் காட்டியபின் அவ்விவாதம் ஓய்ந்தது. மேலே வாழ்ந்தவை இடைவிடாது கீழே பொழிவதனால், நிலத்தில் வாழ்ந்த பிராணிகளுக்கு வாய்க்காத ஒரு சௌகரியம் இங்கே உண்டு. ஆழ்கடலில் ஆயிரம் ஆண்டுகளுக்குச் சில சென்டிமீட்டர் கனமே படியும் அந்தச் சேற்றில் குழாயை இறக்கி எடுத்தால், ஒவ்வொரு கையளவிலும் அந்தந்தக் காலத்துக் கூட்டம் ஆயிரக்கணக்கில் கிடைக்கிறது. எலும்புகளை ஆராய்பவர், இது அதன் மூதாதை என்று துணிந்து சொல்லத் தயங்குவார். அவரிடம் இருப்பவை தனித்தனியான சில எலும்புக்கூடுகள். நம்மிடமோ மூதாதையும் சந்ததியும் இடையிலிருந்தோரும் ஒரே குழாயில் அடுக்கடுக்காக இருக்கின்றனர்.

2

ரேடியோலேரியாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிச் செல்கிறேன். சாலெஞ்சர் கொணர்ந்த ரேடியோலேரியாவை எர்ன்ஸ்ட் ஹெக்கல் வருணித்து 1887இல் வெளியிட்ட நூலில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. 140 படத்தகடுகள் உள்ளன. அத்தகடுகளின் சௌந்தரியத்தை வியவாதவர் இல்லை. ஆனால் ஹெக்கல் தம் பாகுபாட்டை, கோளம், கூம்பு, தட்டு, அச்சுகளின் எண்ணிக்கை என்று கணித சாஸ்திரத்தின் வடிவங்களைக்கொண்டே அமைத்தார். காலவரிசை அவருக்குப் பொருட்டாகவில்லை. அழகிய ஒழுங்கு மெய்யான ஒழுங்காகவே இருக்கும் என்ற நம்பிக்கை அவரைப்போன்ற பேரறிஞரையும் ஆட்கொண்டது என்பது என் அபிப்பிராயம்.

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து வில்லியம் ரீடலும் அவரோடு உழைத்தவர்களும் அதே உயிர்களைப் படுகை வரிசைப்படி அடுக்கிப் பார்த்தனர். இயோசீன் காலத்துப் போடோசிர்ட்டிஸ் என்னும் பேரினத்தில் சினுவோசா, மித்ரா, சலாரா, கோதியானா என்ற நான்கும் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிறந்த தொடர் என்பது அவ்வாறு புலனாயிற்று. இத்தொடரின் கடைசி உறுப்பினருக்கு ஜெர்மானியக் கவிஞர் கோத்தேயின் பெயரைச் சூட்டியவர் ஹெக்கலே. ஆனால் அவர் அதை வேறொரு பேரினத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார். தாயும் மகளும் வெவ்வேறு குடும்பத்தினராக நின்றனர்.

3

இனி, என் கருத்துக்கு ஆணிவேரான பகுதிக்கு வருகிறேன். இதில் சற்று நேரம் தங்க அனுமதிக்கவேண்டும்.

மிதவை ஃபொராமினிஃபெராவில் பெரும்பாலானவை உருண்டையான அறைகளைக்கொண்ட சாமானிய உருவின. ஆயினும் சில கூட்டங்களில் ஓடு தட்டையாகி, ஒரு பக்கம் கூம்பி, சுற்று விளிம்பில் தடித்த வரப்பு ஒன்று ஓடும். பார்த்தவுடன் அடையாளம் காணக்கூடிய இவ்வுருவம், நம் வரலாற்றில் ஒருமுறை தோன்றி நிலைத்ததாக இருந்திருந்தால் எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

முதலில் கிரிட்டேஷியஸ் காலத்தின் நடுப்பகுதியில் ரோட்டாலிபோரா என்ற பேரினம் இவ்விளிம்போடு வாழ்ந்தது. அதைக் காண நாம் தூரதேசம் போகவேண்டியதில்லை. பெரம்பலூரை அடுத்த காரையைச் சுற்றி, மழைநீர் அரித்து ஆயிரம் ஓடைகளாகப் பிளந்து கிடக்கும் களிமண் நிலம், ஹென்றி பிளான்ஃபோர்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்த கடற்படிவுகளில் ஊட்டத்தூர்த் தொகுதியைச் சேர்ந்தது. அக்களிமண்ணில் ரோட்டாலிபோரா உண்டு. சுமார் 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன் உலக சமுத்திரங்களின் பெரும்பகுதி பிராணவாயு குன்றித் தவித்தபோது அந்த வம்சம் அழிந்தது.

அழிவுக்குத் தப்பிய உருண்டை உருவினரிடமிருந்து மீண்டும் விளிம்புடையோர் எழுந்தனர். கிரிட்டேஷியஸ் காலத்தின் பிற்பகுதியை ஆண்ட குளோபோட்ரங்கானாவும் அதன் சுற்றத்தாரும் அவர்களே; பலவற்றில் ஒன்றுக்கு இரண்டாக விளிம்பு ஓடும். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசார்களை அழித்த அதே பேரிடரில், இவர்கள் ஒருவர் விடாமல் மாண்டனர். இத்தாலியின் கூப்பியோ மலைச் சுண்ணப்பாறையில், பெரிய ஓடுகள் நிறைந்த அடுக்கின்மேல் ஒரு மெல்லிய களிமண் அடுக்கும், அதன்மேல் கண்ணுக்குச் சிக்காத அளவு சிறிய ஓடுகள் மட்டுமே உள்ள அடுக்கும் இருப்பதை இன்றும் காணலாம். அங்கே கிடைக்கும் ஒரு சிற்றினத்துக்கு அவ்வூரின் பழைய லத்தீன் பெயரையே இட்டிருக்கிறார்கள். பிழைத்தவை சில இனங்களே. குவெம்பெலிட்ரியா அவற்றில் ஒன்று. ஹெட்பெர்கெல்லா என்ற உருண்டை அறையினரில் ஓரிரு இனங்களும் தப்பின.

மூன்றாம் முறை, பேலியோசீன் காலத்தில் மொரோசோவெல்லா என்ற பேரினம் அதே கூம்பையும் அதே விளிம்பையும் எடுத்தது. சுமார் 3.8 கோடி ஆண்டுகளுக்கு முன், அதன் கடைசிச் சுற்றத்தாரும் மறைந்தனர். நான்காம் முறை மயோசீன் காலத்தில் குளோபோரொட்டாலியா அவ்வுருவத்தைப் பெற்றது. அது இன்றும் வங்கக் கடலில் மிதந்துகொண்டிருக்கிறது. இவ்வாறு விளிம்புடையோர் அழிவதும், எளிய உருண்டை உருவினர் தப்புவதும், அவர்களிடமிருந்தே விளிம்புடையோர் புதிதாகத் தோன்றுவதும் சுழன்று வரும் நிகழ்ச்சி என்பதை 1969இல் ரிச்சர்ட் சிஃபெல்லி எடுத்துக்காட்டினார்.

படுகை வரிசையை அறியாத ஒருவர் இந்நான்கு கூட்டத்தின் ஓடுகளையும் ஒரே தட்டில் கொட்டிப் பிரித்தால் என்ன ஆகும்? விளிம்புடையவற்றை ஒரு பக்கமும் உருண்டையானவற்றை மறுபக்கமும் ஒதுக்கி, மிகத் திருத்தமான பாகுபாடு ஒன்றை அடைந்துவிடுவார். அது முற்றிலும் தவறாக இருக்கும். இது வெறும் கற்பனை அன்று. மெக்சிகோவிலிருந்து வருணிக்கப்பட்ட வெலாஸ்கோயென்சிஸ் என்ற பேலியோசீன் இனம் நெடுங்காலம் குளோபோரொட்டாலியா என்றே பெயரிடப்பட்டு, நாலு கோடி ஆண்டு பின்வந்த அந்நியர்களோடு ஒரே வீட்டில் குடியிருந்தது. இன்று அதை மொரோசோவெல்லாவில் வைக்கிறோம்.

உருவம் வம்சத்தைச் சொல்லாவிட்டாலும் வாழ்க்கை முறையையேனும் சொல்லும் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் எதிர்பார்த்திருப்பேன். ஆனால் ஓட்டின் சுண்ணத்திலுள்ள ஆக்சிஜன், கார்பன் ஐசோடோப்புகளை அளந்தவர்கள், மொரோசோவெல்லா சூரிய ஒளி படும் மேல்நீரில், தன்னுள் பாசியுயிர்களை வளர்த்துக்கொண்டு வாழ்ந்தது என்று கண்டிருக்கிறார்கள். இன்றைய குளோபோரொட்டாலியாவிலோ சில இனங்கள் பல நூறு மீட்டர் ஆழத்துக்கு இறங்கிக் குளிர்ந்த நீரில் வாழ்கின்றன. ஒரே கூம்பு, ஒரே விளிம்பு. வம்சமும் வேறு, வாழ்வும் வேறு. ஆதலால், முழு உருவத்தின் சாட்சியத்தை இவ்விஷயத்தில் கடைசி வரிசையில்தான் அமர்த்தவேண்டும்.

4

அங்ஙனமாயின் முதல் வரிசையில் அமர்த்தவேண்டியது எது? ஒரு வீட்டின் அமைப்பைப் பார்த்து அதேபோல் எவரும் கட்டிவிடலாம். ஆனால் செங்கல் எந்தச் சூளையில் வெந்தது என்பதை மறைக்க முடியாது. ஓட்டின் சுவரே அந்தச் செங்கல்.

பசிபிக் பெருங்கடலின் படிவுகளை ஆராய்ந்த பிரான்ஸெஸ் பார்க்கர் 1962இல், மிதவை ஃபொராமினிஃபெராவை முள்ளுடையவை, முள்ளற்றவை என்று சுவரைக்கொண்டு பிரித்தார். உயிரோடிருக்கையில் ஓட்டைச் சுற்றிச் சுண்ண முட்கள் ஊசிபோல் நீண்டிருக்கும். இனப்பெருக்கத்தோடு அவை உதிர்ந்துவிடும். ஆனால் அவை ஊன்றியிருந்த குழிகள் சுவரில் தங்கிவிடுகின்றன. அக்குழிகளைத் தெளிவாகக் காண ஒளி நுண்ணோக்கி போதாது. அடுத்த சில ஆண்டுகளில் வருடும் மின்னணு நுண்ணோக்கி ஆராய்ச்சிச் சாலைகளுக்கு வந்தது, இவ்வியலின் நல்லூழ் என்றே சொல்லவேண்டும். பேரிடரில் தப்பிய ஹெட்பெர்கெல்லாவிலிருந்து விரைவிலேயே முள்ளுடைய ஒரு கிளையும் முள்ளற்ற ஒரு கிளையும் பிரிந்தன என்பதும், மொரோசோவெல்லாவின் விளிம்பு சுவரிலுள்ள சிறு முண்டுகள் ஒன்றோடொன்று கூடி ஆனது, குளோபோரொட்டாலியாவின் விளிம்போ வழவழப்பானது என்பதும் அதன்பின்னரே தெளிவாயின.

முட்டுச்சந்தாகத் தோன்றிய ஒரு சிக்கலும் இவ்வழியே அவிழ்ந்தது. சுருளின் மேற்பக்கத்தில் கூடுதலான வாய்களை உடையவற்றையெல்லாம் குளோபிஜெரினாய்டெஸ் என்ற ஒரே பேரினத்தில் வைப்பது வழக்கமாக இருந்தது. 2015இல் ஸ்பெஸ்ஸாஃபெர்ரியும் அவர் குழுவினரும், புதைபடிவ வரிசையையும் உயிருள்ளவற்றின் மரபணுவையும் சுவரமைப்பையும் சேர்த்து வைத்துப் பார்த்து, கூடுதல் வாய் வெவ்வேறு வம்சங்களில் தனித்தனியே தோன்றியது என்று காட்டி, ஒரு பகுதியைப் பிரித்து டிரைலோபேட்டஸ் என்ற புதிய பேரினத்தை நிறுவினார்கள்.

5

டிரைலோபேட்டஸின் வழித்தோன்றலே ஆர்புலினா. இதன் ஓடு குறையற்ற கோளம். சுருளுமில்லை, அறைகளும் வெளியே தெரிவதில்லை. அதனாலேயே தோர்பீன்யி இதை ஓரறை உயிர்களோடு சேர்த்தார். உள்ளே குளோபிஜெரினா என்ற பேரினத்தின் ஓட்டைப் போன்ற சிற்றோடு ஒன்று இருப்பதைக் கண்ட வேறு சிலர், இது கருவுற்ற தாய் என்று எண்ணினார்கள். 1956இல் வால்ட்டர் பிளோ படுகை வரிசையைக்கொண்டு உண்மையை வெளிப்படுத்தினார். மயோசீன் காலத்தில், ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்குச் சற்று முன்னும் பின்னுமாக, அடுக்குக்கு அடுக்கு கடைசி அறை பெரிதாகி, முந்தைய அறைகளைத் தழுவி, பின்னர் பாதி மூடி, முடிவில் முழுவதும் விழுங்கிவிடுகிறது. உள்ளே இருப்பது குழந்தை அன்று. அந்த ஜீவனின் இளம்பருவ ஓடே. இன்றும் ஒவ்வோர் ஆர்புலினாவும் சுருளாக வளரத் தொடங்கி, கடைசியாகத்தான் கோளத்தைக் கட்டிக்கொள்கிறது.

6

வரிசை இவ்வளவு நெருக்கமாகக் கிடைப்பதில் ஓர் இடரும் உண்டு. இடைவெளியின்றி மாறும் தொடரை எங்கே வெட்டி, இதுவரை ஓரினம், இதன்மேல் வேறினம் என்று சொல்வது?

டிரினிடாட் தீவின் எண்ணெய்க் கிணறுகளில் உழைத்த ஹான்ஸ் பொல்லி 1957இல் வெளியிட்ட ஆய்வுகள், மிதவை ஃபொராமினிஃபெராவைக்கொண்டு உலகெங்கும் படுகைகளின் காலத்தை நிர்ணயிக்கலாம் என்று காட்டின. எண்ணெய் தேடுவோர்க்கு வம்சாவளி தேவையில்லை. விரைவாக அடையாளம் காணத்தக்க முத்திரைகள் போதும். ஆகவே ஒரு வம்சத்தைப் பல துண்டுகளாக நறுக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரிட்டனர். இப்பெயர்களால் விளைந்த பிரயோஜனத்தை நான் மறுக்கவில்லை. காவிரிப் படுகையில் துளையிட்டவர்களும் இவற்றால் பயனடைந்தவர்களே. ஆனால், இத்துண்டுகளை எண்ணிவிட்டு, இன்ன காலத்தில் இத்தனை இனங்கள் தோன்றின, இத்தனை அழிந்தன என்று கணக்கிடுவோர், பெயர் மாறியதை மரணம் என்று எழுதிவிடுகிறார்கள். வம்சத்துக்கு ஒரு பட்டியலும் உருவத்துக்கு ஒரு பட்டியலுமாக இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொள்வதே நேர்மையான வழி. அண்மைக்கால ஆய்வாளர் சிலர் அவ்வாறே செய்துவருகின்றனர்.

எங்கே வெட்டுவது என்ற கேள்விக்கு நம் இந்துமகா சமுத்திரமே ஒரு பெயர்பெற்ற வழக்கை அளித்திருக்கிறது. 1972இன் தொடக்கத்தில் குளோமர் சாலெஞ்சர் கப்பல் ஆஸ்திரேலியாவின் டார்வின் துறையில் புறப்பட்டுக் கொழும்பில் முடித்த பயணத்தில், தொண்ணூறாவது தீர்க்கரேகையை ஒட்டித் தென்வடலாக நீளும் கடலடி மலைத்தொடரில், 214 என்று எண்ணிட்ட இடத்தில் துளையிட்டது. அச்சேற்றிலிருந்து குளோபோரொட்டாலியா பிளீசியோடூமிடா என்ற இனம் டூமிடாவாக மாறியதை மால்ம்கிரென், பெர்க்ரென், லோமன் ஆகிய மூவரும் அளந்து 1983இல் வெளியிட்டனர். நெடுங்காலம் உருவம் ஏறக்குறைய நிலையாக இருந்தது. சுமார் 56 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆறு லட்சம் ஆண்டுக்காலத்தில் மாற்றம் நிகழ்ந்தது. பின்னர் மீண்டும் நிலைபெற்றது. வம்சம் கிளைக்காமல், முழுக் கூட்டமுமே மெல்ல உருமாறியது என்பது அவர்கள் முடிவு.

2009இல் பின்செல்லி ஹல், ரிச்சர்ட் நோரிஸ் இருவரும் இவ்வழக்கைத் திரும்ப எடுத்தனர். ஒவ்வோர் அடுக்கிலும் உள்ள ஓடுகளின் சராசரியை மட்டும் பார்க்காமல், அக்கூட்டத்தில் இரண்டு வகை கலந்திருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தனர். புதிய இனம் மிகக் குறுகிய காலத்தில் பிரிந்து பிறந்ததென்றும், பழையதோடு கலந்து வாழ்ந்ததென்றும் அவர்களுக்குத் தோன்றியது. பழையது குறைந்து புதியது பெருகும்போது சராசரி மெல்ல நகரும். அந்த நகர்ச்சியைத்தான் முன்னையோர் உருமாற்றம் என்று கண்டனர். எனக்கு இப்பிந்திய வாதமே வலுவுடையதாகப்படுகிறது. வரிசையும் தானாகப் பேசுவதில்லை. ஒவ்வொரு படியிலும் எத்தனை ஓட்டைத் தனித்தனியே அளந்தோம் என்பதைப் பொறுத்தே அது வாய் திறக்கிறது.

7

உயிருள்ளவற்றின் மரபணுவைப் படிக்கத் தொடங்கியபின் ஓட்டாராய்ச்சிக்கு வேலை இல்லாமற்போகும் என்று அஞ்சியோர் உண்டு. நடந்தது வேறு. துருவக் கடல்களில் வாழும் பேக்கிடெர்மா என்ற இனத்தில், சில ஓடுகள் இடப்புறமும் சில வலப்புறமும் சுருளும். குளிர்ந்த நீரில் இடப்புறம், சற்று வெப்பமான நீரில் வலப்புறம் என்று கண்டு, ஒரே இனம் வெப்பநிலைக்கேற்பத் திசை மாறுகிறது என்று நெடுங்காலம் கற்பித்தோம். பனியுகங்களின் வெப்பநிலையையும் அதனால் மதிப்பிட்டோம். கேட் டார்லிங்கும் அவருடன் உழைத்தவர்களும் மரபணுவால் ஆராய்ந்து, அவை இரண்டு வெவ்வேறு இனங்கள் என்று நிறுவி, 2006இல் வலப்புறத்தவற்றுக்கு இன்கோம்ப்டா என்ற பழைய பெயரையே மீட்டளித்தனர். அப்பெயரை 1961இல் இட்டவர் முன்பு நான் குறிப்பிட்ட சிஃபெல்லி. சுருளும் திசை என்ற அற்ப லக்ஷணம் வம்ச அடையாளமாக நின்றது. கூம்பும் விளிம்பும் என்ற பெரிய லக்ஷணம் நில்லாமற்போயிற்று.

அரபிக் கடலின் மேல்நீரில் பிடிபட்ட ஸ்ட்ரெப்டோகைலஸ் என்ற மிதவையுயிர், கடலடியில் வாழும் பொலிவினா என்ற உயிரே என்பதும் 2009இல் அதே ஆய்வாளர்களால் தெரியவந்தது. ஒரே ஜீவன் மேலும் கீழுமாக இரு வாழ்க்கை நடத்தி, இரண்டு பெயரைச் சுமந்திருக்கிறது. பேரிடர்களில் மேல்நீர் பாழானபோது சிலர் எவ்வாறு பிழைத்தனர் என்ற கேள்விக்கு இதில் ஒரு விடை இருக்கக்கூடும்.

ஆனால் மரபணு கிடைப்பது உயிருள்ளவற்றில் மட்டுமே. ரோட்டாலிபோராவுக்கும் குளோபோட்ரங்கானாவுக்கும் சுவரையும் படுகையையும் தவிர வேறு சாட்சி கிடையாது. ஆகையால் இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களிடம் ஒரு விண்ணப்பம் செய்துகொள்கிறேன். ஒளி நுண்ணோக்கி ஒன்றே இருந்த காலத்தில், விளிம்பையும் கூம்பையும் பார்த்துப் பெயரெழுதிய கண்ணாடித் தகடுகள் நம் கல்லூரிகளின் பெட்டிகளில் இருக்கின்றன. அவற்றில் எது எந்தக் கிராமத்தின் எந்த அடுக்கிலிருந்து, அடியிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் எடுக்கப்பட்டது என்ற குறிப்பு உள்ளவற்றை முதலில் பொறுக்கி எடுங்கள். குறிப்பு இல்லாதவை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். பிறகு காரைக்கும் ஊட்டத்தூருக்கும் போய், கீழிருந்து மேலாகப் புதிய மண்ணை எடுத்து, 63 மைக்ரான் சல்லடையில் அலசி, ஈரத்தூரிகையால் ஓடுகளைப் பொறுக்கி, சுவரை மின்னணு நுண்ணோக்கியில் படம்பிடித்து, பழைய தகடுகளோடு ஒப்பிடுங்கள். எந்தப் பெயர்கள் நிலைக்கும், எவை மாறும் என்பதை அதன்பின் பேசலாம்; அந்தப் பட்டியலோடு எவரேனும் என்னைத் தேடி வந்தால், மறுத்து வாதிடுவதற்கு ஆயத்தமாகவே இருப்பேன்.